கேட்போரும் களனும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று வெளிவரும் ஒரு கவிதை நூலைக் கையில் எடுத்தால் அதன் முதல் ஏட்டிலேயே பல செய்திகள் கிடைத்துவிடுகின்றன. பதிப்பகத்தின் பெயர், முதற்பதிப்பு வெளிவந்த திங்கள், தாளின் தரம், எழுத்தின் அளவு, பக்கங்களின் எண்ணிக்கை, விலை என யாவும் ஒழுங்காக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் பவணந்தி முனிவர் கேட்ட இரண்டு செய்திகளை மட்டும் அங்குக் காண இயலாது. ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எவ்வெவற்றைச் சொல்லவேண்டும் என்று வகுக்கும் நன்னூல், முதலில் எட்டினைக் கூறி, பின்னர் மூன்றினைச் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வதும் உண்டு என்கிறது. ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் அவற்றுள் இடம்பெறுவதில் வியப்பில்லை. வியப்புக்குரியவை வேறு இரண்டு. ஒன்று 'கேட்போர்', மற்றொன்று 'களன்'. கேட்போர் என்பதற்கு அந்நூலைப் பயிலுதற்கு உரியவர் என்றும் பொருள் கொள்வர். களன் என்பது நூல் அரங்கேறிய அவை. எழுதியவன் யார் என்று சொன்னால் மட்டும் போதாது. யார் முன்னிலையில், எந்த அவையில் அது நின்று காட்டியது என்பதும் நூலின் வரலாற்றோடு சேர்ந்தது என்று அந்த மரபு கருதியது. அச்சு வந்தபின் இவ்விரண்டும் மெல்ல உதிர்ந்துபோயின. அவை உதிர்ந்ததனால் கவிஞர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே இங்கு எண்ணப்படும் பொருள்.

தொல்காப்பியத்தின் பாயிரத்தைச் செய்தவர் பனம்பாரனார். அதில் நூலாசிரியர் பெயரோடு கேட்டவர் பெயரும் நிலைபெற்றுவிட்டது. நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்து அரங்கேற்றப்பட்டது என்பது அப்பாயிரம் தரும் செய்தி. இதற்கு நச்சினார்க்கினியர் சொல்லும் கதை சுவையானது. அகத்தியர், தம் மாணாக்கனாகிய தொல்காப்பியன் மீது கொண்ட சினத்தால், அந்நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ கேட்டருள வேண்டும் என்று பலகாலும் வேண்டினார். ஆசிரியரையும் மீறக்கூடாது, உடன் பயின்றவரையும் மறுக்கக்கூடாது என்ற இக்கட்டில் அதங்கோட்டாசான் ஒரு வழி கண்டார். நூலைக் கேட்பது, ஆனால் குற்றம் கூறிக்கொண்டே கேட்பது. அவர் எழுப்பிய கடாக்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடையிறுத்தார். இது கதையோ வரலாறோ, ஒன்று மட்டும் தெளிவு. தமிழின் முதல் இலக்கண நூலைக் கேட்டவர் பாராட்ட வந்தவராக உரையாசிரியருக்குத் தோன்றவில்லை. குறை கூற உறுதி பூண்டு வந்தவராகவே தோன்றினார். அந்தக் குறைகூறலே நூலுக்குக் காப்பாயிற்று.

காப்பியங்களின் தொடக்கத்தில் வரும் அவையடக்கத்தையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். இன்று அதனைப் பணிவின் அணியாக மட்டும் கொண்டு கடந்துவிடுகிறோர் பலர். தொல்காப்பியச் செய்யுளியல் அவையடக்கியலுக்குக் கூறும் இலக்கணம் அவ்வளவு மென்மையானதன்று. மாட்டாமையால் சொல்லியிருப்பினும் அதனை வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவையினரை வேண்டுதல் என்பது அதன் கருத்து. அதாவது, கேட்போருக்கு ஒரு வேலை தரப்படுகிறது. கைகட்டிக் கேட்பதோ கைதட்டிக் கலைவதோ அன்று அந்த வேலை.

கேட்போரின் வேலை எத்தகையது என்பதற்கு இறையனார் அகப்பொருளின் உரை ஒரு கதையைத் தருகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் நீங்கியபின், பொருளதிகாரம் அறிந்தார் இல்லாத குறையைத் தீர்க்க ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் தந்தான். சங்கத்தார் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டனர். எது மெய்யுரை என்று துணிய ஒரு காரணிகன் வேண்டும். காரணிகன் என்பது அவ்வுரை ஆளும் சொல். நடுநின்று தீர்ப்பவன் என்று பொருள். அப்பணிக்கு வந்தவன் முதுபெரும் புலவன் அல்லன். உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டுச் சிறுவன். அவன் பேச்சற்றவன். ஒவ்வொருவராக உரையைப் படித்தனர், அவன் அசையாதிருந்தான். மருதன் இளநாகனார் உரைத்தபோது இடையிடையே கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அவ்வாறு இருந்தான். அதனால் நக்கீரர் உரையே மெய்யுரை எனத் துணிந்தனர்.

அதங்கோட்டாசான் வினாவால் கேட்டவர். உருத்திரசன்மன் மெய்யால் கேட்டவன். முன்னவரிடம் காரணம் கேட்டுப் பெறலாம். பின்னவனிடம் கேட்க இயலாது, அவன் ஊமை. தமிழ்க் கவிதையின் திறனாய்வு இவ்விருவருக்கும் இடையேதான் இன்றளவும் ஊசலாடிக்கொண்டிருக்கிறது எனலாம். உருத்திரசன்மனிடம் ஒரு நுட்பம் உண்டு. அவன் முழு உரைக்கும் சேர்த்து ஒரு முறை சிலிர்க்கவில்லை. எந்தச் சொல்லில் மெய் உண்டோ அந்தச் சொல்லில் சிலிர்த்தான். பேசாத அச்சிறுவன் இடம் சுட்டினான். பேசத் தெரிந்தோர் பலர் இன்று அதைச் செய்வதில்லை.

இக்கடற்கரைக்கு அண்மையில் உள்ள காஞ்சியில், குமரகோட்டத்தில், கந்தபுராணம் அரங்கேறிய கதையை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். 2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆயினும் முன்னைய பெரிய செங்கற்பட்டு மாவட்டத்தில் காஞ்சியும் அடங்கியிருந்ததனால், இதனை ஊர்க்கதை என்றே கொள்ளலாம். கச்சியப்ப சிவாசாரியார் நாள்தோறும் நூறு செய்யுள் இயற்றிக் கருவறையில் வைப்பார். மறுநாள் காலையில் பார்த்தால் முருகனே திருத்தியிருப்பான் என்பது செவிவழி மரபு. முதற்செய்யுளின் தொடக்கத்தை முருகனே எடுத்துக்கொடுத்தான் என்றும் சொல்வர். அரங்கேற்ற நாளில் அந்தத் தொடக்கத்திலேயே தடை எழுந்தது. முதற்சொற்களின் புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே உள்ளது என்று ஒருவர் வினவினார். இது என் வாக்கன்று, முருகன் வாக்கு என்று கச்சியப்பர் விடை கூறினார். அவை அதனை ஏற்கவில்லை. முருகனே ஆயினும் விதி காட்டவேண்டும் என்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தை விரித்து அதற்குரிய விதியைக் காட்டி மறைந்தார் என்பது கதையின் முடிவு.

இக்கதையைப் பக்தியின் பெருமைக்காகச் சொல்வது வழக்கம். கவிஞர் கூடிய அவையில் வேறொன்றுக்காகச் சொல்லத் தோன்றுகிறது. 'அப்படித்தான் வந்தது', 'உள்ளிருந்து எழுந்தது, மாற்ற இயலாது' என்று இன்றைய கவிஞர் கூறும் விடை கச்சியப்பர் கூறிய விடையே ஆகும். கடவுளின் பெயர் மட்டும் அதில் இல்லை. காஞ்சியின் அவை கடவுளிடமும் காரணம் கேட்டது. காரணம் கிடைத்ததும் தடையை விட்டது. சைவப் புராணத்தைக் காத்த அந்த விதி பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றிய இலக்கணத்தில் இருந்தது என்பதும் எண்ணி மகிழத்தக்கது.

கடாவும் மெய்ப்பாடும் ஒரே மனிதருக்குள் மோதிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் மாயூரத்தில் நிகழ்ந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிவிட்டு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். உ.வே. சாமிநாதையர் இதனை எழுதிவைத்துள்ளார். பிள்ளையவர்கள் இளம் மாணவரிடமும் கடிந்து பேசாதவர். ஆனால் தமிழில் வழு கண்டால் உள்ளம் பொறாதவர். பாரதியாரின் பாடல்களில் இலக்கண வழுக்கள் இருந்தன. அதனால் பாயிரம் தர அவர் மனம் ஒருப்படவில்லை. தரமாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நாள் கடத்தினார். பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். ஒருநாள் அவர் வந்தபோது பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்தார். திண்ணையில் அமர்ந்த பாரதியார், காத்திருந்த நேரத்தில் தம் கீர்த்தனையைப் பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவருக்கு அப்பாட்டின் உருக்கம் எட்டியது. இலக்கணத்தை எண்ணிய மனம் கரைந்தது. வெளியே வந்து, இதுநாள்வரை அலைக்கழித்ததற்கு வருந்திப் பாயிரம் பாடிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்ற ஆராய்ச்சி வேண்டுவதில்லை. கருதத்தக்கது ஒன்று. பிள்ளையவர்கள் ஏட்டில் கண்டபோது மறுத்தார். காதால் கேட்டபோது இசைந்தார். கீர்த்தனை என்பது கண்ணுக்குரிய பொருளன்று. அதற்குரிய களத்தில் அதனைக் கேளாதவரை அவருடைய தீர்ப்பு நிறைவுபெறவில்லை. வழுக்கள் வழுக்களாகவே இருந்தன. பாயிரம் பெற்றதனால் அவை மறைந்துவிடவில்லை. ஆனால் அவ்வழுக்களைக் காட்டிலும் பெரிய ஒன்று அங்கு உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் ஆண்மை திறனாய்வாளர்க்கு வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஒரு பெரும்புலவர் தந்த காலத்தாழ்வு ஒரு கவிஞரை எவ்வளவு நோகச் செய்திருக்கும் என்பதையும் மறத்தல் கூடாது. மறுப்பதாயின் இன்ன வழு, இன்ன இடம் என்று முதல்நாளே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நாள் கடத்துவது இரக்கம் போலத் தோன்றும் கொடுமை. இலக்கிய வட்டங்களில் இவ்விரக்கம் இன்றும் மிகுதி.

செங்கற்பட்டுச் சீமைக்கும் இம்மரபில் தனியிடம் உண்டு. சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இதே கடற்கரையில் தெற்கே உள்ள நிலம். 269 அடிகளில், பரிசில் பெற்றுவரும் பாணன் ஒருவன், பெறாத பாணனை நல்லியக்கோடனிடம் வழிப்படுத்துகிறான். தொழிலால் ஒத்தவன் ஒத்தவனுக்கு வழிசொல்லும் வடிவம் அது. செங்கற்பட்டுக்கு அருகே உள்ள பொன்விளைந்த களத்தூரைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரோ பிறவியிலேயே பார்வையற்றவர். முதுகில் எழுத்தை எழுதிக்காட்டக் கற்றார் என்பது மரபு. சேயூர்க் கலம்பகம், திருக்கழுக்குன்றப் புராணம், சந்திரவாணன் கோவை முதலியவற்றைப் பாடினார். தம் செய்யுளைத் தாமே ஏட்டில் பார்த்துத் திருத்த அவரால் இயலாது. சொல்லவேண்டும், ஒருவர் எழுதவேண்டும், மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். ஆகவே அவர் பாடிய ஒவ்வொரு செய்யுளுக்கும் எழுதியவரே முதற்கேள்வியர் ஆனார். அவ்வாறு எழுதியவர்களின் முகம் சுளித்ததும் மலர்ந்ததும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. குரலின் தயக்கம் தெரிந்திருக்கும்.

அச்சு வந்தபின் களன் மாறியது. அவை கலைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தனியே அமர்ந்து படிக்கலாயினர். கேட்போரை மீண்டும் ஓரிடத்தில் சேர்க்க வெவ்வேறு முயற்சிகள் நடந்தன. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி அவற்றுள் பெயர் பெற்றது. அங்கே ஆய்வுரை படிக்கும் வழக்கம் இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார், படிப்பார், மீண்டும் படிப்பார், எந்தச் சொல்லில் நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்துவார். கூடியிருந்தோர் அப்பாட்டை அன்றுதான் முதன்முறை கேட்டதுபோல் உணர்ந்தனர். உருத்திரசன்மன் வழிவந்தவர் அவர். அவ்வழிக்குரிய இடர்ப்பாடும் அவரிடம் இருந்தது. தம் உள்ளம் சிலிர்க்காத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார். சிலவற்றின் சொற்களை மாற்றவும் செய்தார். அறிஞர் பலர் அதனை ஒப்பவில்லை; ஒப்பாமைக்கு நியாயம் உண்டு. கேட்பவர் கவிஞரின் இருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டால், பிறகு அவர் கேட்பவர் அல்லர்.

அந்த ரசிகமணிக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் போக இயலாது. கல்கி, சிவகாமியின் சபதம் நூலின் முன்னுரையில், பல ஆண்டுகளுக்கு முன் ரசிகமணியுடன் மாமல்லபுரக் கடற்கரையில் இருந்த வேளையில் அக்கதை தம் உள்ளத்தில் தோன்றியதாகக் குறித்துள்ளார். கதை பிறக்கும்போதே பக்கத்தில் ஒரு கேட்போர் இருந்தார் என்பது அதன் பொருள். 1944ஆம் ஆண்டு கல்கி இதழில் அது தொடராக வெளிவரத் தொடங்கி 1946இல் முடிந்தது. வாரந்தோறும் ஒரு பகுதி. வாரந்தோறும் வாசகர் கடிதம். நூல் முழுதும் எழுதி முடிந்தபின் கேட்பது பழைய அரங்கேற்றம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்பது தொடர்கதை. இதில் ஓர் இன்பமும் ஓர் அச்சமும் உண்டு. வாசகரின் ஆவல் ஆசிரியரை நடத்திச் செல்லும். சில வேளை அவர் போக விரும்பாத தெருவிலும் இழுத்துச் செல்லும். 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டனர். கல்கி ஒரு முடிவுரை எழுதி அவ்வினாக்களை எடுத்து விடை சொன்னார். ஆனால் கதையை மீண்டும் திறக்கவில்லை. வாசகருக்கு விடை சொல்வது வேறு, வாசகருக்காகக் கதையை நீட்டுவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

கடிதத்தையே களனாக்கியவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய எழுத்து, 1970 வரை 119 இதழ்கள் வந்தது. இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துக்கொண்ட ஏடு அது. விற்பனையைப் பெருக்க முயலும் உலகில் இப்படியோர் அறிவிப்பு நகைப்பிற்கு இடமாயிற்று. அந்த எல்லையை எட்டவும் அதனால் இயலவில்லை. எனினும் எண்ணிக்கையால் அளக்கத்தக்க களன் அன்று அது. படைப்பை வெளியிட்ட அதே தாள்களில் அப்படைப்பின் மீதான தடைகளும் விடைகளும் வந்தன. யாப்பின்றிக் கவிதை உண்டா என்ற வழக்கு அங்கே பல ஆண்டுகள் நடந்தது. திருகோணமலையில் இருந்த இருபது வயது இளைஞர் ஒருவர், தருமு சிவராமு, 1960 முதல் அதில் எழுதினார். கவிதை எழுதிய அதே கையால் பிறர் கவிதையைப் பற்றியும் எழுதினார். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவரே. வெங்கட் சாமிநாதனின் குரலும் எழுத்தின் பக்கங்களில் எழுந்ததே. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்துப் புதுக்குரல்கள் என்று செல்லப்பா வெளியிட்டார். மூன்றாண்டுகளுக்கு மேலாக இதழில் வந்தவற்றினின்று தேர்ந்தெடுத்த தொகுப்பு அது. முதலில் அவைக்கு வந்தது, பிறகு நூலுக்குப் போயிற்று. எழுத்தில் வந்த திறனாய்வு சில வேளை வறண்டது என்பர். செல்லப்பாவின் உரைநடை கரடானது என்பர். உண்மையே. ஆயினும் ஒரு கவிதைக்கு இத்தனை பக்கம் ஒதுக்கி, இச்சொல் ஏன் இங்கு என்று கேட்ட ஏடு அதற்கு முன் மிகச் சிலவே.

1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை வேறொரு முறையை வகுத்தது. திங்கள்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, அவற்றுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து, கூட்டத்தில் காரணத்துடன் அறிவிக்கவேண்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளுள் ஒன்று சிறந்ததாகத் தேர்ந்தெடுக்கப்படும். அந்த முறையின் வலிமை பரிசிலில் இல்லை. தேர்ந்தவர் பெயர் வெளிப்படையாக இருந்தது என்பதில் உள்ளது. இன்னார் இதனைத் தேர்ந்தார் என்று தெரிந்தபின், கதை எழுதியவர் மட்டுமின்றித் தேர்ந்தவரும் அவையின் முன் நிற்கிறார். அதங்கோட்டாசான் பெயரைப் பாயிரத்தில் பொறித்ததற்கும் இதற்கும் உள்ள உறவு தெளிவு. பெயர் இல்லாத பாராட்டும் பெயர் இல்லாத பழியும் எளிதில் கிடைப்பன. அவற்றைக் கொண்டு ஓர் அடியைக்கூடத் திருத்த இயலாது. இன்று கைப்பேசியில் ஒரு கவிதைக்கு ஐந்நூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்றால், அவருள் எவர் எந்தச் சொல்லில் நின்றார் என்பது கவிஞர்க்குத் தெரிவதில்லை. ஐந்நூறு உருத்திரசன்மர்கள் இருக்கலாம். ஆனால் அவர்களின் கண்ணீரைக் காண முடியவில்லை.

கவியரங்குகள் இதற்கு மாற்றாகும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அரங்கேற்றத்தின் பெயரை அவை பாதி வாங்கிக்கொண்டன. தடை விடையை விட்டுவிட்டன. மேடையில் ஓர் அடியைக் கூறி, கைதட்டல் எழாவிடில் அவ்வடியை மீண்டும் கூறி, எழுந்தபின் அடுத்த அடிக்குப் போகும் வழக்கம் கவிஞரின் செவியை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு விளக்கம் வேண்டா. கைதட்டலுக்காக எழுதப்பட்ட அடி, தாளில் ஏறியதும் வாடிவிடுகிறது. மறுபுறம், தடை கூறுவதே திறனாய்வு என்று எண்ணி இளங்கவிஞர் ஒருவரின் முதற்கவிதையைக் கூட்டத்தில் கிழித்துத் தொங்கவிடும் மூத்தோரும் உண்டு. அவ்வாறு கிழிபட்டவருள் மீண்டும் கூட்டத்துக்கு வராதவர் எத்தனை பேர் என்று எந்த வட்டத்தின் குறிப்பேட்டிலும் எழுதியிராது. வருகைப் பதிவேட்டில் வந்தவர் பெயர் மட்டுமே இருக்கும்.

மாமல்லபுரத்துத் தெருக்களில் நடப்பவர் காதில் நாள் முழுதும் உளியோசை விழுந்துகொண்டிருக்கிறது. சிற்பி கல்லில் முதலில் காவியால் கோடிடுகிறார். கோட்டு நிலையில் அளவு பிழைத்தால் அழித்து வேறு கோடிடலாம். உளி பட்டபின் தெறித்த சில்லைத் திரும்ப ஒட்ட வழியில்லை. இவ்வூரின் ஐந்து இரதங்களும் முற்றுப்பெறாதவை. அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும் பாறைச்சிற்பத்தின் அதே பொருளை மற்றொரு பாறையில் செதுக்கத் தொடங்கி இடையில் விட்ட சிற்பமும் இங்கு உண்டு. அதனைப் பார்க்கப் பயணிகள் மிகுதியும் போவதில்லை. சிற்பம் பயில்வோர் போனால் நெடுநேரம் நிற்பார்கள். முடிந்த சிற்பம் மறைத்துவிட்ட வேலைமுறையை முடியாத சிற்பம் காட்டிக்கொடுக்கிறது. கவிஞர்க்குக் காவிக்கோட்டு நிலை நெடிது. அச்சேறும்வரை அது கோடுதான். அந்நிலையில் ஒரு கண் பார்த்துச் சொன்னால் திருத்தலாம். வட்டங்களில் இன்று படிக்கப்படுபவை பெரும்பாலும் அச்சேறிய கவிதைகள், அல்லது அச்சேற முடிவான கவிதைகள். வெளியீட்டு விழாவில் குறை சொல்வது நாகரிகம் அன்று. சொன்னாலும் பயன் இல்லை. கேட்கவேண்டிய நேரத்தில் கேட்போர் இல்லை. கேட்போர் கூடும் நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

ஆகவே பதினோராம் ஆண்டுக்கு இவ்வட்டம் சில சிறு வழக்கங்களைக் கைக்கொண்டு பார்க்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. கூட்டத்துக்கு அச்சேறாத கவிதை ஒன்றே வரட்டும், ஐந்தாறு வேண்டா. அதனை எழுதியவர் ஒருமுறை படிக்கட்டும். பின்னர் வேறொருவர் ஒருமுறை படிக்கட்டும். மற்றவர் வாயில் தன் அடி எங்கே இடறுகிறது என்பதைக் கவிஞர் தாமே கேட்பார்; அதன்பின் பாதித் தடையை எவரும் சொல்லவேண்டியிராது. தடை கூறுபவர் சொல்லைச் சுட்டிக் கூறட்டும். 'நன்று', 'நன்றன்று' என்ற இரண்டு சொற்களுக்கும் அன்று விடுமுறை. குறிப்பேட்டில் தடையும் தடை கூறியவர் பெயரும் ஏறட்டும். கவிஞர் அன்றே விடை சொல்லவேண்டும் என்பதில்லை. அதங்கோட்டாசானுக்கு விடை சொல்லத் தொல்காப்பியருக்கு இலக்கணம் இருந்தது; கவிஞர்க்கு ஒரு திங்கள் தேவைப்படும். அடுத்த கூட்டத்தில் திருத்திய வடிவத்தையோ திருத்தாமைக்குக் காரணத்தையோ அவர் கொண்டுவரட்டும். திருத்த மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு; காரணம் சொல்ல மறுக்கும் உரிமையைக் காஞ்சியில் முருகனுக்கே தரவில்லை. தடை கூறியவரும் அந்த இரண்டாம் கூட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். பிள்ளையவர்கள் திண்ணைக்கு வெளியே வந்ததுபோல, தம் தீர்ப்பு மாறியிருந்தால் அதனை அவர் அங்கே சொல்லவேண்டும்.

இவ்வழக்கத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு கவிதைகளுக்கு மேல் கேட்க இயலாது என்று ஒரு தடை எழலாம். இயலாதுதான். பத்தாண்டுகளில் நூற்றிருபது ஆகும். நூற்றிருபது கவிதைகளைச் சொல் சொல்லாகக் கேட்ட வட்டம் தமிழ்நாட்டில் எத்தனை உண்டு?

நூல் வெளியிடும் உறுப்பினர்க்கு மற்றொரு வேண்டுகோள். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதனால், பாயிரம் செய்தற்குரியோர் என்று நன்னூல் தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், உரைகாரன் ஆகியோரைச் சொல்கிறது. இக்காலத்து அணிந்துரைகள் பெரும்பாலும் நூலை முழுதும் படிக்க நேரமில்லாத பெரியோரிடமிருந்து வருகின்றன. தன்னோடு கற்றோனை எவரும் நாடுவதில்லை. வட்டத்தில் உடனிருந்து அக்கவிதையின் முதல் வடிவத்தையும் மூன்றாம் வடிவத்தையும் கேட்டவரே அதைப் பற்றி எழுதத் தக்கவர்; அவர் பெயர் எவருக்கும் தெரியாததாய் இருப்பினும் குற்றமில்லை. பனம்பாரனாரின் பெயரும் பாயிரத்தால் தெரியவந்ததுதான்.

இம்மலருக்கு அடுத்த மலர் அச்சாகும்போது, ஒவ்வொரு கவிதைக்கும் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்க்கலாம். கேட்டவர் இன்னார், இன்ன ஊரில், இன்ன திங்கள் என்று அது இருக்கட்டும். மலரின் பக்கம் அதனால் மிகாது. அச்சுக் கோப்பவருக்குச் சற்றுக் கூடுதல் வேலை மட்டுமே.